அந்தத் தகோயாகி தட்டைத் தூக்கிப் போடாதீர்கள், தம்பி

தம்பி, ஒசாகாவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். நிறுவனக் குடியிருப்பின் அலமாரியில் யாரோ விட்டுப்போன மின்சாரத் தகோயாகி தட்டு ஒன்று கிடக்கிறது. தகோயாகி என்பது ஆக்டோபஸ் துண்டு வைத்துக் குழியில் சுடும் மாவு உருண்டை. நீங்களோ முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். இதில் குழிப்பணியாரம் வருமா, சைவக்காரருக்கு இதனால் வேறு பயன் உண்டா, விடுமுறையில் ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊருக்கு வேண்டாம். ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சூடேற்றும் கம்பி ஐந்து மடங்குக்கும் மேலான மின்திறனை இழுத்துக் கருகிவிடும். மின்மாற்றி வைத்து ஓட்டலாம்தான். ஆனால் அந்தத் திறனைத் தாங்கும் மின்மாற்றியைத் தூக்கிச் சுமப்பதற்குப் பதில் அம்மாவின் பணியாரக் கல்லையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பணியாரம் தாராளமாக வரும். குழிகள் நம் கல்லைவிடச் சிறியவை. ஒரே ஈட்டில் பதினெட்டு, இருபது என்று எடுக்கலாம். பெரும்பாலான தட்டுகளுக்கு மூடி கிடையாது என்பதால் மேற்பக்கம் தானாக வேகும் என்று காத்திருக்கக் கூடாது. அடி சிவந்து ஓரம் பிடித்ததும் திருப்பிவிடுங்கள். சூடேற்றும் கம்பி தட்டின் அடியில் வளைந்து ஓடுவதால் எல்லாக் குழிகளுக்கும் ஒரே சூடு கிடைக்காது. முதல் ஈட்டிலேயே எந்தக் குழி மந்தம் என்று தெரிந்துவிடும். உருண்டைகளை இடம் மாற்றி வையுங்கள். திருப்புவதற்கு மூங்கில் குச்சிதான் நல்லது. தெருக்கடைக்காரர் இரும்பு ஊசியால் சுழற்றுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவருடையது இரும்பு அல்லது செம்புத் தட்டு, உங்களுடையது ஒட்டாப் பூச்சு.

மாவுக்கு ஜப்பானிய அரிசியை நம்ப வேண்டாம். ஒட்டும் தன்மை அதிகம், பணியாரம் உள்ளே கொழகொழவென்று இருக்கும். இந்தியக் கடைகளில் இட்லி அரிசியும் உளுந்தும் கிடைக்கும், இணையத்திலும் வரவழைக்கலாம். இந்தியர்கள் தலைமுறைகளாக வாழும் கோபே, ரயிலில் பக்கம்தான். குளிர்காலத்தில் இங்குள்ள வீடுகள் உள்ளேயும் சில்லென்று கிடப்பதால் மாவு லேசில் புளிக்காது. அந்த மாதங்களில் ரவையும் தயிரும் கலந்த அவசரப் பணியாரமே நிம்மதி. இனிப்புப் பணியாரத்துக்கு வெல்லம் தேடி அலைய வேண்டாம், ஒகினாவாவின் கொகுதோ என்ற கருஞ்சர்க்கரை அந்த வேலையைச் செய்துவிடும். சூட்டை மட்டும் குறைத்து வையுங்கள், சர்க்கரை பூச்சில் பிடித்துக் கருகினால் கழுவுவது பெரும்பாடு.

ஆனால் பணியாரத்துக்காக மட்டும் அந்தத் தட்டை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒசாகாவில் இது அடுக்களைச் சாமான் அல்ல, சாப்பாட்டு மேசைச் சாமான். நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு குச்சியோடு பேசிக்கொண்டே சுடுவார்கள். தகோபா என்று அழைப்பார்கள், தகோயாகி பார்ட்டியின் சுருக்கம். உங்கள் அலுவலகத்தில் யாராவது சீக்கிரமே கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் கூப்பிட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

காரணம் இருக்கிறது. இந்த ஊரில் சைவக்காரரின் தலைவலி கண்ணில் படும் மீன் அல்ல, படாத மீன். கடையில் விற்கும் தகோயாகி மாவுக்கலவையில் பெரும்பாலும் மீன்சாற்றுத் தூள் கலந்தே இருக்கும். மொறுமொறுப்புக்குத் தூவும் தென்கசு பொரியில் இறால், கணவாய் வாசனை சேர்த்திருப்பார்கள். சாஸில் இறைச்சிச் சாறோ சிப்பிச் சாறோ இருக்கலாம். மேலே ஆடும் மெல்லிய சீவல்கள் காய்ந்த கட்சுவோ மீன். விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து இவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தால் அழைத்தவருக்குத் தர்மசங்கடம், உங்களுக்கும் பட்டினி. உங்கள் மேசை என்றால் பொட்டலங்களின் விவரத்தைக் கடையிலேயே கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்கிவிடுவீர்கள்.

மாவை நீங்களே கரையுங்கள். 100 கிராம் கோதுமை மாவு, ஒரு முட்டை, கொம்பு என்னும் கடற்பாசியை இரவே ஊறவைத்த தண்ணீர் 400 மில்லி வரை, கொஞ்சம் சோயா சாஸ். ரவா தோசைக் கரைசல் போல நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாகக் கரைத்தால் உள்ளே இளகாது. குழிக்குள் நிதானமாக ஊற்றாமல் தட்டு முழுக்க வழியும்படி ஊற்றுங்கள். காளான், சோளம், சீஸ், கொன்யாக்கு என்ற கிழங்குக் கூழ்க்கட்டி, மொச்சி என்ற அரிசிக் களித் துண்டு என்று விருப்பப்படி போட்டு, வெங்காயத்தாளும் சிவப்பு இஞ்சி ஊறுகாயும் தூவுங்கள். அடி பிடித்ததும் குழிகளுக்கு இடையே குச்சியால் கோடு கிழித்து, கால் சுற்றுத் திருப்பி, வெளியே கிடக்கும் மாவை உள்ளே திணித்தால் அடுத்த திருப்பலில் உருண்டு வரும். கிம்ச்சி சேர்க்க யாராவது சொன்னால் கவனம், பலவற்றில் உப்பிட்ட இறால் இருக்கும்.

ஆக்டோபஸ் இல்லாமல் இது தகோயாகியா என்று ஒருவராவது கேலி செய்வார். அதற்குப் பதில் இருக்கிறது. தகோயாகியைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒசாகாவின் ஐசுயா கடை முதலில் விற்றது மாட்டுத் தசைநாரும் கொன்யாக்கும் வைத்த ராஜியோயாகி என்ற உருண்டை. அக்கம்பக்கத்து அகாஷி நகரில் ஆக்டோபஸ் வைக்கிறார்களே என்று தெரிந்து 1935இல்தான் உள்ளடக்கத்தை மாற்றினார்கள். இன்றும் அந்தக் கடையில் சாஸ் ஊற்றாமலே தருகிறார்கள். இதைச் சொல்லிப் பாருங்கள், ஒசாகாக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். அவர்களுக்காக அவித்த ஆக்டோபஸ் வாங்கி வைப்பதும் வைக்காததும் உங்கள் மனம். வைத்தால் தட்டில் பாதியைப் பிரித்துவிடுங்கள், குச்சிகளையும்.

விருந்தன்று மைக்ரோவேவையோ கெட்டிலையோ அதே நீட்டிப்புப் பலகையில் செருகாதீர்கள். இங்கே அதன் வரம்பு பொதுவாக 1500 வாட். இரண்டு சூடேற்றும் கருவிகள் சேர்ந்தாலே தாண்டிவிடும். மேசைக்கடியில் செய்தித்தாள் விரியுங்கள், ததாமி பாயில் எண்ணெய் இறங்கினால் போகாது.

நண்பர்கள் கொண்டுவரும் கடைக்கலவை மீந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். பிரித்த பொட்டலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகும். அந்த மாவைச் சுட்டுச் சாப்பிட்டாலும் கடும் ஒவ்வாமை வந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் ஜப்பானில் உண்டு. இறுக்கி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.