மணிக்கட்டில் லூனேட் எலும்பு செத்துவிட்டது என்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

எந்த ஸ்டேஜ் என்று நீங்கள் எழுதவில்லையே. அதை வைத்துத்தான் எல்லாமே.

இது கீன்பாக் நோய். வியன்னாவின் எக்ஸ்ரே மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910-ல் விவரித்தது. மணிக்கட்டின் நடுவிலுள்ள லூனேட்டுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்து, கடைசியில் நசுங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ-யில்தான் பிடிபடும். அந்தக் கட்டத்தில் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துப் பார்ப்பதும் உண்டு.

எனக்கும் இதே நோய் வந்தது. திருவொற்றியூரில் லேத் ஓட்டுகிறேன். சக் கீயை, அதாவது லேத்தில் இரும்பைப் பிடித்து இறுக்கும் சாவியைத் திருகும்போது புறங்கை நடுவில் சுரீரென்று இழுக்கும். முதலில் பார்த்த டாக்டர் சுளுக்கு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். பிறகு எம்ஆர்ஐ எடுத்ததும் முன்கை எலும்பை வெட்டிக் குட்டையாக்கலாம் என்றார்கள். "கெட்டுப்போனத உட்டுட்டு நல்லா கீற எலும்ப எதுக்குடா வெட்றாங்க?" என்று அம்மா ஒரே சண்டை. நியாயமான கேள்விதான். முன்கையில் இரண்டு எலும்பு. சிலருக்குச் சுண்டுவிரல் பக்கத்து அல்னா குட்டையாக இருக்கும். பாரமெல்லாம் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் வழியாக லூனேட் தலையில் இறங்கும். ரேடியஸை 2, 3 மில்லிமீட்டர் குறைத்து உலோகப் பிளேட் வைத்தால் அந்த அழுத்தம் குறையும், லூனேட் தேறிவர வாய்ப்பு கிடைக்கும். லூனேட் நசுங்காதவரை செய்கிற வேலை இது. ரத்தக் குழாயோடு சின்ன எலும்புத் துண்டை எடுத்து லூனேட்டுக்குள் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வலி அடங்கிவிட்டது. ஆனால் கை முழுசாக மடங்காது. தரையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தால் இன்றைக்கும் முணுமுணுக்கும். பீடி, சிகரெட் இருந்தால் இப்போதே விடுங்கள், வெட்டிய எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

நசுங்கிப் போயிருந்தால் கதை வேறு. பக்கத்து எலும்புகளை ஒன்றோடொன்று இணைப்பார்கள், அல்லது லூனேட்டோடு சேர்த்து அந்த வரிசையில் மூன்று எலும்புகளை எடுத்துவிடுவார்கள். மூட்டே தேய்ந்துவிட்டால் மணிக்கட்டை மொத்தமாக இணைப்பது. பிறகு அது மடங்காது, ஆனால் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பலாம், விரல்களும் வேலை செய்யும்.

வடசென்னையில் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. எம்ஆர்ஐ பிலிமையும் எடுத்துப் போங்கள், வெறும் ரிப்போர்ட் போதாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மூட்டை தூக்குபவருக்கும் கணினியில் தட்டுபவருக்கும் ஒரே ஆபரேஷனைச் சொல்ல மாட்டார்கள்.