மொய் நோட்டு இருக்கிற ஊருக்கு எதற்கு அறுபதாயிரம் ரூபாய் மென்பொருள்?

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. ஆறு வருஷத்தில் முந்நூறு பேருக்கு மேல் நன்கொடை கொடுத்திருக்கிறார்கள், இப்போது வரத்து பாதியாகிவிட்டது. நன்கொடையாளர்களைக் கவனிக்க வருஷத்துக்கு 60,000 ரூபாயில் மென்பொருள் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். வாங்கலாமா?"

வேண்டாம். இந்த வருஷம் கண்டிப்பாக வேண்டாம்.

காதுகுத்திலும் கல்யாணத்திலும் மொய் நோட்டு எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எந்த ஊர், யார், எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். இப்போது நம் பக்கத்து மண்டபங்களில் கம்ப்யூட்டரில் தட்டி ரசீதே அச்சடித்துக் கொடுக்கிறார்கள், ஆனால் விஷயம் அந்த மெஷினில் இல்லை. மொய் வைத்தவர் வீட்டுப் பத்திரிகை நம் வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் புரட்டுகிறோமே, அங்கேதான் இருக்கிறது. அறக்கட்டளைகளில் ரசீது எழுதுகிறார்கள், புரட்டுவதில்லை.

ரசீது புத்தகம், பேங்க் ஸ்டேட்மென்ட், போன் கான்டாக்ட் மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கூகுள் ஷீட் போடுங்கள், காசு செலவில்லை. ஒரு தாளில் ஆட்கள், இன்னொன்றில் ஒவ்வொரு நன்கொடையும்: தேதி, தொகை, எந்த வழியில், எதற்காக. இரண்டையும் இணைப்பது போன் நம்பர், ஏனென்றால் முத்து, முத்துக்குமார், எம்.முத்துக்குமார் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். க்யூஆர் வழியாக வரும் பணத்தோடு பெரும்பாலும் நம்பர் வராது, அதனால் அட்டைக்குக் கீழேயே 'ரசீதுக்கு இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்' என்று எழுதி ஒட்டுங்கள். 'யார் மூலம் வந்தார்', 'எந்த நாளை ஒட்டிக் கொடுத்தார்' என்று இரண்டு கட்டம் சேர்க்க மறக்காதீர்கள். அப்பா நினைவு நாளுக்குக் கொடுத்தவரை அடுத்த வருஷம் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் கூப்பிட்டால், நீங்கள் கேட்காமலே அவர் பேச்சை எடுப்பார்.

அப்புறம் ஷீட்டிலிருந்து ஒரே ஒரு கூட்டத்தைப் பிரித்தெடுங்கள்: போன வருஷம் கொடுத்து இந்த வருஷம் கொடுக்காதவர்கள். புது ஆட்களைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு இவர்களைப் பிடியுங்கள். அவர்களை அழைத்து வந்தவரே கூப்பிட வேண்டும், பணத்தைப் பற்றி வாயே திறக்காமல் டியூஷன் எப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். தானாகப் போகிற வாழ்த்துச் செய்தியை நம்பாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இறந்துபோன நன்கொடையாளருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போய், அவர் மனைவி போன் செய்து அழுதார், எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புகிறீர்களா? உங்கள் நம்பரைத் தன் போனில் சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. வரத்து குறைந்ததற்கு இதுவே பாதிக் காரணமாகக்கூட இருக்கலாம், முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

80ஜி பதிவு, அதாவது நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்க வழி செய்யும் பதிவு, இருந்தால் பான் நம்பருக்கும் ஒரு கட்டம் வேண்டும். 2021-22 நிதியாண்டிலிருந்து யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை அடுத்த மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்குக் கழிவே கிடையாது. ஆனால் 'வரி மிச்சம்' என்று எல்லோரிடமும் பேசாதீர்கள். 2023-24-லிருந்து இயல்பாகவே பொருந்துகிற புதிய வரி முறையில் 80ஜி கழிவு இல்லை, சம்பளக்காரர்கள் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்ன பாஸ்போர்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும். எப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

இந்த ஷீட்டை லிங்க் வைத்திருப்பவர் எல்லாம் திறக்கிற மாதிரி விடாதீர்கள், இரண்டு பேர் கையில் இருந்தால் போதும். ஒரு வருஷம் இப்படி ஓட்டிய பிறகும் மென்பொருள் வேண்டும் என்று தோன்றினால், விற்க வருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், நாங்கள் விலகும் அன்றைக்கு எங்கள் பட்டியல் முழுவதையும் எக்செல்லில் எடுத்துத் தருவீர்களா என்று கேளுங்கள்.