நகையை அடகு வைத்து ஒரு வருட 'நர்சிங்' படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திண்டுக்கல் பக்கம் கிராமம். பத்தாம் வகுப்பு பாஸ். மூத்தவள் மூன்றாவது படிக்கிறாள், சின்னவன் யு.கே.ஜி. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டீசல், டியூ போக மாதம் 16,000 ரூபாய் நிற்கும். நான் வீட்டில் பிளவுஸ் தைத்து 3,000 ரூபாய் சம்பாதிக்கிறேன். கல்யாணத்துக்கு முன் நூல் மில்லில் வேலை பார்த்திருக்கிறேன். டவுனில் ஒரு தனியார் நிறுவனம், 1 வருட 'நர்சிங் டிப்ளமோ' முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயம் என்கிறது. ஃபீஸ் 60,000. நகையை அடகு வைத்துச் சேரலாமா?

பதில்: வேண்டாம். சம்பாதிக்க வேண்டும் என்ற உங்கள் முடிவு மிகச் சரி. இந்தப் படிப்புதான் அதற்கு வழி இல்லை.

நர்ஸாகப் பதிவு பெற 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோவோ பி.எஸ்சி. நர்சிங்கோ முடிக்க வேண்டும். இரண்டுக்கும் பிளஸ் டூ தேவை, ஏ.என்.எம். எனும் துணை நர்ஸ் படிப்புக்கும் அப்படித்தான். பத்தாவதுக்குப் பிறகு ஒரே வருடத்தில் கொடுக்கும் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவு இல்லாமல் அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. சின்ன கிளினிக்கில் உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதே வேலைக்கு ஃபீஸ் எதுவும் கட்டாமல் நேரடியாகச் சேர்ந்து பழகிக்கொண்ட பெண்களும் இருக்கிறார்கள். படிப்பறிவு குறைவு என்று கூசி நிற்கும் பெண்களின் ஆசையை இப்படிக் காசாக்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஃபீஸ் 60,000. அடகு வட்டி 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 6,000. பகல் முழுக்க கிளாஸ் என்றால் தையல் நிற்கும், அதில் 36,000 போச்சு. டவுன் பஸ் உங்களுக்கு இலவசம் என்பதால் அதை விட்டுவிட்டேன். ஆக 1,02,000 ரூபாய். கிளினிக்கில் 8,000 கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இப்போதைய வருமானத்தைவிட 5,000 கூடுதல். போட்ட பணம் திரும்பவே 20 மாதம் ஆகும். படிக்கிற வருடத்தையும் சேர்த்தால், மூத்தவள் ஆறாவதுக்கு வந்திருப்பாள். அதற்குள் நைட் டியூட்டி போடச் சொன்னால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

உங்கள் கையில் தொழில் இருக்கிறது. 3,000 ரூபாயைப் பார்த்தால் சாதா பிளவுஸும் ஓரம் அடிப்பதும்தான் அதிகம் வருகிறது என்று தோன்றுகிறது. கூலி நிற்பது லைனிங் பிளவுஸிலும் சுடிதார் கட்டிங்கிலும் ஆரி வேலையிலும்தான். மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி, அதாவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம், தையலை ஏறத்தாழ ஒரு மாதம் இலவசமாகக் கற்றுத்தருகிறது, சாப்பாடும் அங்கேயே. முடித்தவர்களுக்கு வங்கிக் கடன் வாங்கவும் உதவுகிறார்கள். அடுத்த பேட்ச் எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஆறு மாதம் கூலி கூடி வருகிறதா என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். வந்தால் மட்டும் கடனைப் பற்றி யோசியுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 5 லட்சம் வரையான சேவைத் தொழிலுக்குப் படிப்புத் தகுதி கிடையாது. கிராமத்துப் பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம், கைக்காசு 5 சதவீதம். ஆனால் மானியம் உங்கள் கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணையை நீங்கள்தான் கட்ட வேண்டும். திட்டத்தின் இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து தைப்பது அலுத்துவிட்டது, மாதச் சம்பளம்தான் வேண்டும் என்றால் இன்னொரு வழி. அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு 1 வருடம், பத்தாவது போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தினமும் போயாக வேண்டும் என்பதால், சின்னவனை மாலையில் யார் கூட்டி வருவது என்று முடிவு செய்துவிட்டுச் சேருங்கள்.

மில் அனுபவத்தையும் குறைத்து நினைக்காதீர்கள். பகல் ஷிப்ட், இ.எஸ்.ஐ., பி.எஃப். மூன்றும் உள்ள மில் வேலை 10,000-க்குக் கிடைத்தாலும், எதுவும் இல்லாத 11,000-ஐ விட அது மேல். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம்தான் பிடிப்பார்கள்; பிள்ளைகளுக்கும் வைத்தியம் கிடைக்கும். லோடு ஆட்டோக்காரர் வீட்டுக்கு இது பெரிய பலம்.

கடைசியாக, உங்கள் வீட்டு வருமானம் பெரும்பாலும் ஒரு டிரைவரை நம்பி இருக்கிறது. கணவர் பெயரில் பாங்கில் இரண்டு காப்பீடுகளை எடுங்கள்: ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு வருடம் 436 ரூபாய், சுரக்ஷா விபத்துக் காப்பீடு 20 ரூபாய். உயிரிழப்புக்கு ஜீவன் ஜோதியில் 2 லட்சம், அது விபத்தால் என்றால் சுரக்ஷாவில் இன்னொரு 2 லட்சம் கிடைக்கும். கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் பணம் எடுப்பார்கள். அப்போது கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.