கைரேகைக் கருவியும் கையெழுத்துச் சீட்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். இரவுப் பணி பற்றிய உங்கள் கட்டுரையில் ‘பதற்றமான இரவில் விதிதான் கைவிளக்கு’ என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

2018 ஆகஸ்ட் 7. கலைஞர் மறைந்த இரவு. அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துநராக இருந்தேன். ஏழு மணிக்கு ஷிஃப்ட். சைதாப்பேட்டையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஆட்டோ கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்து, எட்டே முக்காலுக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். கைரேகைக் கருவி ‘அரை நாள் விடுப்பு’ என்று பதிந்துகொண்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் அதிகாலை மூன்று மணி வரை பக்கம் பார்த்தேன். வீட்டுக்குப் போக வண்டி கேட்டபோது, இரவு எட்டு மணிக்குள் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். எட்டு மணிக்கு நான் நடந்துகொண்டிருந்தேன். விடியும் வரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அதே இரவில், முடித்து அனுப்பிய முதல் பக்கத்தைப் பொறுப்பாளரின் கையெழுத்துச் சீட்டு இல்லாமலே நான்கு முறை திறந்து மாற்றினார்கள். கடைசி மாற்றம் என் கண்ணுக்கு வரவே இல்லை. ஒரு படத்தின் கீழே வேறொருவருடைய பெயர் அச்சாகிவிட்டது. அதற்காக யாருக்கும் மெமோ வரவில்லை. மனிதவளத் துறையில் கேட்டேன். “விதி எல்லோருக்கும் ஒன்றுதான்” என்றார்கள். அன்று அந்தக் கைவிளக்கு யார் கையில் இருந்தது, ஐயா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்த வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியும் என் கண் முன்னால் நடந்ததுதான். அதை எழுதாமல் விட்டது என் தவறு.

அந்த வரி எனக்குள் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 5 அன்று மதுரையில் ஒரு நாளிதழின் இரவுப் பொறுப்பில் இருந்தேன். ஜெயலலிதா செப்டம்பர் 22 முதல் அப்போலோ மருத்துவமனையில் இருந்தார். முந்தைய நாள் மாலை அவருடைய இதயத் துடிப்பு நின்று, உயிர்காக்கும் கருவியில் வைத்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து அலுவலகத்தில் யாரும் இயல்பான குரலில் பேசவில்லை. அன்று மாலை ஐந்தரை மணி வாக்கில் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வெளியிட்டன. ராயப்பேட்டையில் கட்சித் தலைமையகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்குவதையும் திரையில் பார்த்தோம். கட்சிக்காரர்களே கொடியை இறக்கிவிட்டார்கள், இனி என்ன சாட்சி வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். சற்று நேரத்தில் மருத்துவமனை மறுத்தது. இறங்கிய கொடி மறுபடி மேலே ஏறியது.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. மரணச் செய்தி என்றால் மருத்துவமனையின் அல்லது அரசின் அறிவிப்பு கையில் இருக்க வேண்டும், பொறுப்பாளர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகே பக்கம் அசையும். இணையப் பக்கத்தில் அந்த விதியை அன்று மீறினார்கள். “எல்லோரும் போட்டுவிட்டார்கள், சீட்டு பின்னால் வரட்டும்” என்று செய்தியை ஏற்றி, கால் மணி நேரத்தில் எடுத்தார்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குள் ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்தார். செய்தி உண்மையா என்று கேட்கும்போதே அழுதுகொண்டிருந்தார். இல்லை ஐயா, சிகிச்சையில்தான் இருக்கிறார் என்றேன். நன்றாக இருக்க வேண்டும் நீங்கள் என்று என்னை வாழ்த்திவிட்டு வைத்தார். அந்த வாழ்த்தை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை.

இரவு பத்தரைக்கு ராமேசுவரம், தென்காசிப் பக்கம் போகும் பார்சல் வண்டிகள் கிளம்பியாக வேண்டும். அஞ்சலிப் பக்கம் எப்போதோ வடிவமைத்துத் தயாராக இருந்தது. “எப்படியும் நடக்கப்போவதுதானே, வெளியூர்ப் பதிப்பில் போட்டுவிடலாம்” என்று விற்பனைப் பிரிவிலிருந்து மூன்று முறை அழைத்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ‘தீவிர சிகிச்சை’ என்ற தலைப்போடுதான் அந்த வண்டிகள் போயின. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது என்ற அறிவிப்பு நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது. ஒரு மணிக்கு மேல் ஆளுநர் மாளிகையில் ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவியேற்றுக்கொண்டார். அவ்வளவையும் நகரப் பதிப்பில் சேர்த்தோம். விதி என்னைக் காப்பாற்றியது என்ற நிறைவோடு விடியற்காலையில் வீட்டுக்குப் போனேன். நீங்கள் சுட்டிக்காட்டிய வரி அந்த நிறைவிலிருந்து வந்ததுதான்.

இனி, எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பக்க வடிவமைப்பாளர் திருமங்கலத்திலிருந்து வருபவர். ஆறு மணி ஷிஃப்ட். மாலையில் வதந்தி பரவியதும் கடைகள் மளமளவென்று மூடப்பட்டன. அவர் நின்ற இடத்தில் பஸ் வரவில்லை. பால் வண்டி ஒன்றில் ஏறி, பாதி வழி நடந்து, எட்டு மணிக்கு மேல் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். மறுநாள் ஊரே கையில் வைத்துப் பார்த்த அந்தக் கறுப்புக் கட்டமிட்ட முதல் பக்கம் அவர் செய்தது. நாலு மணி வரை இருந்தார். அவருக்கும் கருவி அரை நாள்தான் போட்டது. “நீங்கள் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் சரியாகிவிடும் சார்” என்று என்னிடம் கேட்டார். நாளைக்கு எழுதித்தருகிறேன் என்றேன். மறுநாள் இறுதி ஊர்வலம், அடக்கம், அடுத்த வாரம் சென்னையில் வர்தா புயல். நான் எழுதவே இல்லை. அவர் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் அது பிடித்தமாக இருந்ததை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பக்கத்துக்காக மூன்று முறை மறுத்து நின்றவனுக்கு, ஒரு மனிதருக்காக மூன்று வரி எழுத நேரம் இல்லாமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

உங்கள் அலுவலகத்திலும் எங்கள் அலுவலகத்திலும் ஒரே கோளாறுதான் நடந்திருக்கிறது. வாசகனைக் காக்கும் விதிகள் சில உண்டு: அறிவிப்பு கையில் வேண்டும், சீட்டில் கையெழுத்து வேண்டும், மாறிய ஒவ்வொரு வரியையும் இன்னொரு கண் பார்க்க வேண்டும். நிர்வாகத்தின் கணக்கு வசதிக்காக ஏற்பட்ட விதிகளும் உண்டு: கைரேகை, வண்டிக்குப் பெயர் பதிவு, ஒன்பது மணிக்கு மூடும் உணவகம். நெருக்கடி இரவில் முதல் வகை இறுக வேண்டும், இரண்டாவது தளர வேண்டும். அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. காரணம் புரியாத ஒன்றல்ல. சீட்டு கேட்பவன் மனிதன், அவனிடம் குரல் உயர்த்தலாம், மேலிடத்திலிருந்து அழைத்துப் பேசலாம். கருவியிடம் யாரும் குரல் உயர்த்த முடியாது. அதனால் மனிதன் காவல் நிற்கும் விதி உடைகிறது, கருவி காவல் நிற்கும் விதி அப்படியே நிற்கிறது.

1948 நவம்பரில் சிகாகோவில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். அச்சுக்கோப்பவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை பக்கங்களைத் தட்டச்சு செய்து, படமெடுத்து, தகடாக்கி அச்சிட வேண்டியிருந்தது. அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே அமெரிக்க அதிபர் தேர்தல் இரவன்று முதல் பதிப்பை வழக்கத்தைவிட முன்னதாகவே முடித்தாக வேண்டும். அந்த நேரக்கெடுவை அணுவும் பிசகாமல் காப்பாற்றினார்கள். வாக்குகள் எண்ணி முடிவதற்குள் ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’ என்ற தலைப்போடு சுமார் 1,50,000 பிரதிகள் வெளியே போய்விட்டன. வென்றவர் ட்ரூமன். அந்தப் பத்திரிகையை அவர் சிரித்தபடி உயர்த்திப் பிடித்திருக்கும் புகைப்படம் இன்றும் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அங்கே வேலைநிறுத்தத்தால் நெருக்கடி வந்தபோது நேரக்கெடு அசையவில்லை. அசைந்தது உறுதிப்படுத்தல்தான்.

இதைச் சரியாகச் செய்த ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் நடந்துவந்த அதே இரவில்தான் அதுவும் நடந்தது. கலைஞரை மெரினாவில் அடக்கம் செய்ய இடம் தர முடியாது என்று அரசு சொன்னதும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற நேரம் முடிந்து வெகு நேரமாகியிருந்தது. பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ஜி. ரமேஷின் இல்லத்தில், அவரும் நீதிபதி எஸ்.எஸ். சுந்தரும் இரவிலேயே விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். வேலை நேரம், கட்டிடம் என்ற எல்லா வழக்கத்தையும் தளர்த்தினார்கள். ஆனால் அரசு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டபோது கொடுத்தார்கள். வெளியே லட்சக்கணக்கானவர்கள் தவித்துக்கொண்டிருக்க, காலை எட்டு மணிக்கு விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பு இல்லை என்ற விதியை அந்த அவசரத்திலும் தொடவில்லை. காலையில் அனுமதி கிடைத்தது. மாலையில் அண்ணா நினைவிடத்தின் அருகே அடக்கம் நடந்தது. எதைத் தளர்த்துவது, எதை விடாமல் பிடிப்பது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

‘விதி எல்லோருக்கும் ஒன்றுதான்’ என்று உங்களிடம் சொன்னார்கள் அல்லவா, அந்த விதியையே எடுத்துப் பார்ப்போம். அன்று நடப்பிலிருந்த 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில், பத்திரிகையாளர் யார் என்ற பட்டியலில் பிழை திருத்துநரும் இருக்கிறார். அதன் கீழ் வந்த 1957-ஆம் ஆண்டு விதிகளின்படி, உணவு நேரம் நீங்கலாக, பகல் ஷிஃப்டுக்கு ஆறு மணி நேரம், இரவு ஷிஃப்டுக்கு ஐந்தரை மணி நேரம். கூடுதலாக உழைத்தால் அதே அளவு ஓய்வு தர வேண்டும். நீங்கள் எட்டே முக்காலிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்தது ஆறே கால் மணி நேரம். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சட்டம் சொல்லும் முழு இரவு ஷிஃப்டுக்கும் மேலாக முக்கால் மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் அரை நாள் விடுப்பா? இது எனக்குப் பொறுக்கவில்லை, சகோதரி.

ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோரும் கேட்பார்கள் என்று நிர்வாகத்தார் சொல்வார்கள். கேட்கட்டும். அதற்குத்தான் தளர்வையும் முன்கூட்டியே விதியாக எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். பஸ் நின்றுவிட்ட நாளில் ஷிஃப்ட் பொறுப்பாளர் கையால் எழுதும் ஒரு குறிப்பு கைரேகைக்குச் சமம். நள்ளிரவுக்குப் பின் பக்கம் முடிக்கும் எவருக்கும், பெயர் பதிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டு வாசல் வரை வண்டி. இந்த இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தால் நீங்கள் நாற்காலியில் விடியலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற மறதிக்காரப் பொறுப்பாளருடைய நல்ல மனதை நம்பி ஒருவருடைய சம்பளம் இருந்திருக்கவும் வேண்டாம்.

இப்போது நீங்கள் வேறு இடத்தில் வேலை பார்க்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இரவுப் பணியில் தொடர்கிறீர்கள் என்றால், அடுத்த தேர்தல் முடிவு இரவு வருவதற்கு முன்பே, சக ஊழியர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்த இரண்டு வரிகளையும் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நெருக்கடி நாளில் கேட்டால் யாருக்கும் காது இருக்காது. நான் எழுதி உதவ வேண்டும் என்றாலும் தயங்காமல் கேளுங்கள்.

திருமங்கலத்து நண்பரின் எண்ணைப் பழைய கைப்பேசியிலிருந்து தேடி எடுத்து நேற்று பேசினேன். அவர் அந்த வேலையை விட்டு நாலு வருடங்கள் ஆகின்றன. அந்த அரை நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டுரையில் ‘கைவிளக்கு’ வரியை நான் அழிக்கவில்லை. அதன் கீழேயே உங்கள் கடிதத்தை முழுவதுமாகச் சேர்த்திருக்கிறேன்.