தெருவில் மூன்று மின்கார்கள்: டிரான்ஸ்பார்மர் தாங்குமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் மின்கார் வாங்கியிருக்கிறார்கள். இரவு ஏழு மணிக்கு மேல் விளக்கு மங்குகிறது. நாங்களும் ஒன்று வாங்க எண்ணுகிறோம். வீட்டில் சார்ஜ் போட்டால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகுமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ள மத்திய மின்துறையின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளே இடம் தந்துவிட்டன. எந்த நேரத்தில், எந்த வேகத்தில் போடுகிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. சிறிய மின்கார் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும். அன்றாடம் அம்பாசமுத்திரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்குக்கூட, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 12 யூனிட் போதும். ஆனால் சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் சார்ஜர் 7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும்; ஒன்றரை டன் ஏ.சி. நாலைந்தை ஒருசேர ஓடவிட்டதற்கு அது சமம்.

உங்கள் தெருமுனையில் இருப்பது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் என்று வைத்துக்கொள்வோம்; அது தாங்குவது சுமார் 90 கிலோவாட். 40 வீடுகள் மாலையில் ஆளுக்கு 2 கிலோவாட் எடுத்தாலே 80 ஆகிவிடும். அந்நேரம் பார்த்து மூன்று கார்களும் வீடு திரும்பிய கையோடு சார்ஜில் நின்றால் சுமை நூறைத் தாண்டிவிடும். மூன்று வீடுகளும் ஒரே பேஸில் (தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒன்றில்) இருந்துவிட்டாலோ, அந்தப் பேஸில் மட்டும் மின்னழுத்தம் இறங்கி, கம்பியின் கடைசியில் உள்ள வீடுகள் லோ வோல்டேஜில் தவிக்கும். டிரான்ஸ்பார்மர் சுருளின் சூடு மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவது. ஓட்டம் ஒன்றேகால் மடங்கானால் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டும். சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்து நிற்கும் அதற்கு இரவுதான் சற்று ஆறும் நேரம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே 15 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் அளவில் மெதுவாக ஏற்றுங்கள். 12 யூனிட் ஏற நான்கு மணி நேரம்தான் ஆகும். வண்டியிலோ சார்ஜரிலோ நேரம் குறித்துவைக்கும் வசதி இருந்தால், மாலை ஆறு முதல் பத்து வரை தவிர்த்துவிடுங்கள். எல்லாரும் பத்து மணி என்றே குறித்துவைத்தால் நெருக்கடி பத்து மணிக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. கோடையில் படுக்கையறை ஏ.சி.கள் ஓடத் தொடங்கும் வேளையும் அதுவே. நான்கு வீட்டாரும் பேசி, ஒருவர் பதினொன்றுக்கு, அடுத்தவர் ஒரு மணிக்கு, மற்றவர்கள் அதன் பிறகு என்று முறை வைத்துக்கொள்வதே நல்லது. மாடியில் சூரியத் தகடு உள்ளவர்கள், வண்டி வீட்டில் நிற்கும் நாளில் நண்பகலில் ஏற்றலாம். ஆனி, ஆடியில் ராதாபுரம், பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகள் இரவிலும் சுழல்வதால், பின்னிரவு சார்ஜ் நம் சீமைக்கு இன்னும் பொருந்தும்.

கார் வாங்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பியுங்கள். சொல்லாமல் சேர்க்கும் சுமை அவர்கள் கணக்கில் வராது, டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கவும் வழி பிறக்காது. அப்போதே அந்த மூன்று வீடுகளும் எந்தப் பேஸில் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பைப் பேஸ் மாற்றிக் கட்டுவது கம்பத்திலேயே முடிகிற வேலை.