படகு யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: நான் ஜெகதாப்பட்டினத்தைச் சேர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனரிடமிருந்து விசைப்படகு வாங்கினேன். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோம், ஆர்.சி. (படகின் பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கடந்த மாதம் சர்வதேசக் கடலில் இருந்த என் படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. வலையை அறுத்தார்கள், தொழிலாளர்களை அடித்தார்கள். தொழிலாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையுடன் ஊர் திரும்பிவிட்டார்கள். படகு யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்கிறது. உரிமையாளர் வர வேண்டும் என்று ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம் தேதி கொடுத்திருக்கிறது. போனால் என்னையும் சிறையில் அடைப்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் தொழில் செய்த கடல் அது. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?

பதில்: முடியாது. கடல்சார் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் பிடிபட்ட படகை விடுவிக்கக் கேட்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் அதை நாடு கேட்க வேண்டும், அல்லது நாட்டின் அனுமதியோடு அதன் சார்பில் ஒருவர் கேட்க வேண்டும். நீங்களாகப் போய் நிற்க முடியாது. நாடே முன்வந்தாலும் சிக்கல் தீராது. பிணை பெற்றுக்கொண்டு படகை உடனே விட வேண்டும், சிறைத்தண்டனை கூடாது என்று சொல்லும் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆம் பிரிவு பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது கரையோரக் கடலுக்கு அப்பால் மீன் முதலான வளங்கள் மீது நாட்டுக்கு உரிமை உள்ள பகுதிக்கு உரியது. பாக் நீரிணையில் அப்படி ஒரு மண்டலமே இல்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்ட கோட்டுக்கு மேற்கே நம் கடல், கிழக்கே அவர்கள் கடல். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. ஆகவே "சர்வதேசக் கடல்" என்ற சொல்லை எந்த மனுவிலும் எழுதாதீர்கள். படித்த முதல் ஆளே மனுவை மூடி வைத்துவிடுவார்.

பாட்டன் காலத்து உரிமையை, இரு நாட்டுப் படகுகளின் பாரம்பரிய உரிமை தொடரும் என்று சொல்லும் 1974 ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவை வைத்து வாதாடலாம். ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை, அங்கே 2017 முதல் தடை செய்யப்பட்ட தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த விவாதத்தை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிடுங்கள். வலை அறுத்ததும் அடித்ததும் உண்மையாகவே இருக்கலாம், புகாராகக் கொடுங்கள். படகு வழக்கில் அதற்கு இடமில்லை.

அந்த வழக்கில் நீதவான் முதலில் பார்ப்பது உரிமையாளர் யார், அவர் வந்தாரா என்பதைத்தான். வராவிட்டால் படகு அரசுடைமை. அப்படிப் போன படகுகளை இலங்கை மீன்வளத் துறை 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் என்று இடம் இடமாக ஏலம் போட்டது.

அப்படியானால் வர வேண்டிய உரிமையாளர் யார்? காகிதத்தின்படி உங்கள் மைத்துனர். பணம் கொடுத்தது நீங்கள், டீசல் போட்டது நீங்கள், கடனுக்கு வட்டி கட்டுவது நீங்கள். இவை எதுவும் ஆர்.சி.யில் இல்லை. படகு அக்கரையில் நிற்கும்போது தமிழக மீன்வளத் துறை எதைப் பார்த்துப் பெயர் மாற்றும்? மாற்றாது.

வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. "பழைய தேதியில் ஒரு பத்திரம் போட்டுக்கொள்ளலாம்" என்று துறைமுகத்தில் யாராவது ஒருவர் சொல்வார். பழைய முத்திரைத்தாளும் எங்கிருந்தோ கிடைத்துவிடும். கடலுக்குப் போகும்போது வாங்கிய டோக்கன் யார் பெயரில் இருக்கிறது? மானிய டீசல் புத்தகம் யார் பெயரில்? மைத்துனர் பெயரில் என்றால் அந்தப் புதிய பத்திரம் அரை மணி நேரம்கூட நிற்காது. படகு போனது போதாதென்று, போலி ஆவணம் புனைந்ததாக இந்தக் கரையில் ஒரு குற்ற வழக்கும் வரும். படகை மறந்துவிட்டு அந்த வழக்குக்காக அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த குழி வாய். உங்கள் ஆட்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது நீங்கள் "என்ஜின் பழுது, நீரோட்டம் இழுத்துவிட்டது" என்றால் நீதிமன்றப் பதிவு உங்களைப் பொய்யர் ஆக்கும். "எங்கள் பாரம்பரியக் கடல், நான்தான் அனுப்பினேன்" என்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். வெளிநாட்டுப் படகுகளுக்கான அவர்களின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் படகோட்டியோடு நிற்பதில்லை, உரிமையாளரையும் பிடிக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு படகின் நீளத்துக்கு ஏற்ப ஏறும் அபராதம் படகின் விலையையே தாண்டக்கூடும். "உள்ளே வைப்பார்கள்" என்ற பயம் மிகைதான், முழுப் பொய் அல்ல. அதனால்தான் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரை முதலில் அமர்த்துங்கள் என்கிறேன். உரிமையாளர் நேரில் வர வேண்டுமா, அதிகாரப் பத்திரம் பெற்றவர் வந்தால் போதுமா, அதற்கு என்ன சான்றொப்பம் வேண்டும் என்பதை அவர் எழுத்தில் சொல்லட்டும். "உள்ளே ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுங்கள்" என்று வரும் தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தண்டனை ஒத்திவைக்கப்பட்ட அந்த ஓட்டுநரை வேறொரு படகில் ஏற்றி மறுபடியும் கிழக்கே அனுப்பாதீர்கள். 2024 பிப்ரவரியில் அதே ஊர்காவற்றுறை நீதிமன்றம் ஓட்டுநர்களுக்கு ஆறு மாதமும், இரண்டாவது முறை சிக்கியவருக்கு ஓர் ஆண்டும் சிறை கொடுத்தது. ஒத்திவைத்த தண்டனை மறுபடி சிக்கினால் உயிர்பெறும். அதை விடுதலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய.

படகைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விடுவிக்கும் உத்தரவு வந்தாலும் இரு நாட்டு அனுமதி வாங்கி, மீட்புக் குழுவை அனுப்பி, இழுத்து வருவதற்குள் மாதங்கள் போகும். உப்புக்காற்றில் கவனிப்பார் இல்லாமல் நின்ற படகு என்ஜினும் பலகையும் போய்த்தான் வரும். தமிழக அரசு 2022-இல் மீட்க முடியாத விசைப்படகு ஒன்றுக்கு 5 லட்சம் நிவாரணம் அறிவித்தது. பின்னர் தொகை உயர்ந்தது. உங்கள் படகுக்கும் அப்படி வந்தால் அது யார் கைக்குப் போகும்? ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் கைக்கு.

எனவே சண்டை இலங்கைக் கடற்படையோடு அல்ல, இந்தியக் கரையில் உங்கள் வீட்டுக்குள் வரப்போகிறது. வருவதற்கு முன் மைத்துனரோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். படகு திரும்பினால் யாருக்கு, நிவாரணம் வந்தால் எத்தனை பங்கு, அக்கரைச் செலவை யார் ஏற்பது, அபராதம் விழுந்தால் யார் தலையில் என்று இன்றைய தேதியிட்டு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அவர் நிவாரணத்தில் கால் பங்கு கேட்டால் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு கேட்டாலும் கொடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

மைத்துனரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விசாரணைத் தேதிக்குள் அது கைக்கு வர வேண்டும். இன்றே கேளுங்கள்.