மாமியாரும் அடுக்குச் செம்பருத்தியும்

கேள்வி: இரண்டு வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். உட்கார்ந்திருக்கும்வரை மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. எழுந்து சமையலறைக்குள் போய் மாமியார் முகத்தைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிடுகிறது. மனிதர்களை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ள தியானம் உதவாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் உதவும். ஆனால் நீங்கள் செய்வது மனதை அடக்கும் தியானம், ஒருவரைப் பார்க்கப் பழக்கும் தியானம் வேறு. அதற்குக் கண்ணெதிரே ஏதாவது ஒன்று வேண்டும். எனக்கு இது பிடிபட்டது, ஜெர்மன் கவிஞர் கதே செடிகளைப் பார்த்த விதத்தைப் படித்த பிறகுதான். 1786-ல் இத்தாலியில், படுவா நகரத் தாவரத் தோட்டத்தில் ஒரு விசிறிப் பனை முன்னால் நின்றார். அடியில் ஈட்டி மாதிரி ஒற்றை இலை, மேலே போகப் போக அது கீறிப் பிரிந்து, கடைசியில் முழு விசிறி. தோட்டக்காரரிடம் கேட்டு அந்த வரிசையை அப்படியே வெட்டி வாங்கிக்கொண்டு போனார். (1585-ல் நட்ட அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறது.) ஒரு இலையைப் பார்த்தால் செடியைப் பார்த்ததாகாது, ஒன்று இன்னொன்றாக மாறுகிற போக்கையே மனதுக்குள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி.

வீட்டில் அடுக்குச் செம்பருத்தி இருந்தால் ஒரு பூவை ஐந்து நிமிடம் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடி, காம்பில் ஆரம்பித்து அதை மனதில் திரும்பக் கட்டுங்கள். எங்கே மங்குகிறதோ அந்த இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பாருங்கள். நான் மூன்றாம் நாள்தான் கவனித்தேன், உள்ளடுக்கில் சில இதழ்களின் ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. மகரந்தத் தாள் இதழாக மாறப் போய்ப் பாதியில் நின்றிருக்கிறது! எத்தனையோ வருடமாகச் சாமிக்குப் பறித்துக்கொண்டிருந்த பூ அது.

மனிதர்களிடமும் இப்படித்தான். ஒரு இரவு என் அப்பாவை இதே மாதிரி நினைத்துப் பார்த்தேன். கோபக் குரல் உடனே வந்தது, கை வரவில்லை. நாற்பது வருடம் கூடவே இருந்தும் அவர் கை எப்படி இருக்கும் என்று தெரியவில்லையே என்று அன்றைக்கு ரொம்ப வலித்தது. மறுநாள் பார்த்தேன். செய்தித்தாளை மடிக்கும்போது மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுக்கிறார், அந்த நகம் நடுவில் பிளந்திருந்தது.

நீங்கள் ராத்திரி படுக்கும் முன், மாமியார் அன்று செய்த ஒரே ஒரு காரியத்தை, நல்லது கெட்டது சொல்லாமல், அவர் கை போன வழியே நினைத்துப் பாருங்கள். சில நாள் போகட்டும், அந்தப் பனை இலைகளைப் போல அவரையும் வரிசையாகப் பாருங்கள்: அதே சமையலறைக்குள் புதுப்பெண்ணாக வந்தவர், முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவர், இன்று உங்களிடம் சிடுசிடுப்பவர். தெரியாத இடம் நிறைய வரும். அதைக் கற்பனையால் நிரப்பிவிடாதீர்கள், அவரிடமே கேளுங்கள். அவர் செய்த தவறு சரியென்று ஆகிவிடாது, அதைப் பேச வேண்டிய இடத்தில் பேசத்தான் வேண்டும். சண்டை போட்ட அன்று மட்டும் இதில் உட்காராதீர்கள், கண்ணை மூடினால் வழக்கு விசாரணைதான் நடக்கும். அன்றைக்குச் செம்பருத்தியே போதும்.